கேசட்டுக்குக் கண் கிடையாது

பிலார்
27 ஆகஸ்ட் 1996

மதிப்பிற்குரிய பேராசிரியை சுனில்தா ரிக்கெல்மே அவர்களுக்கு,

மாநாட்டு நிகழ்ச்சி நிரல் வந்து சேர்ந்தது. எனக்கு வரவில்லை, ஆசிரியர் பயிற்சி நிலையத்துக்கு வந்தது. இயக்குநர் பிளாசிதா அம்மையார், நம் எல்லோருக்கும் ஞா பிளாசிதா, அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். தொலைந்துபோன ஒரு குடையைப் பற்றிய அறிவிப்புக்குப் பக்கத்தில். நின்றபடியே படித்தேன். எனக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள் நின்று படித்தார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி காலை. "தெரெரே வட்டத்தில் வாய்மொழித் தேர்வு: குவாரனி மொழித் திறனை அளக்க ஒரு வழி." கீழே சிறிய எழுத்தில், "மதிப்பெண் இடுபவரின் கடுமை குறித்துச் சில ஐயங்கள்." அதற்கும் கீழே ஒரு பெயர். ஒன்றே ஒன்று.

நினைவுபடுத்த வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன். மேசைக்கு முன்னால் தனியாக நிறுத்திக் கேட்டால், வீட்டில் நாளெல்லாம் குவாரனி பேசுகிற பிள்ளைக்கும் வாய் கட்டிக்கொள்கிறது, மனப்பாடம் செய்த வாக்கியம்தான் வருகிறது என்பதை நாம் இருவரும் சேர்ந்து கண்டோம். ஐந்து பேரை வட்டமாக உட்காரவைத்தோம். ஒரே கொம்புக் குவளை. ஒரே உறிஞ்சு குழல். இலை ஊறிய குளிர்ந்த தெரெரேயைக் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பித் தருகிறவர் பேசட்டும் என்று விட்டோம். நீங்கள் ஊற்றினீர்கள். நான் வட்டத்துக்கு வெளியே, சுவரோரம், வாய் திறக்காமல் மதிப்பெண் போட்டேன்.

ஆகவே அந்தக் "கடுமை" வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

ருமில்தா அக்கோஸ்தாவின் முறையீடு இங்கே இன்னும் முடியவில்லை. சென்ற ஆண்டு அவளைத் தோல்வியாக்கியது என் பேனா. அது தவறு என்று நிலையம் முடிவு செய்தால் அவளுக்கு மறுதேர்வு, எனக்குத் தேர்வாளர் பொறுப்பு இல்லை. இது உங்களுக்குத் தெரியும். தேர்வைப் பதிவு செய்த கேசட்டுகள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்புவதாகச் சொல்லி மார்ச்சில் கொண்டுபோனீர்கள்.

அந்த மேடையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் நலம்.

எலிஹியோ ஓவெலார்


அசுன்சியோன்
31 ஆகஸ்ட்

கொம்பாத்ரே,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? ஞானஸ்நானத் தொட்டியருகே என் மகளைக் கையில் வாங்கிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றவன் நீ. அன்றிலிருந்து நீ எனக்குக் கொம்பாத்ரே, நான் உனக்குக் கோமாத்ரே. "மதிப்பிற்குரிய பேராசிரியை" என்று படித்ததும் உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்கோ வந்ததோ என்று.

கேசட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே வடகாற்று. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். உன் இருமல்கூடக் கேட்கிறது. சுவர்ப் பக்கம் ஒரே ஒரு இருமல், பிறகு பேனா.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். யார் எங்கே உட்கார்ந்தார்கள்? ஒவ்வொரு குழுவிலும். முக்கியமாக என் வலப்பக்கம் யார்? கேசட்டுக்குக் கண் கிடையாது. குரல்கள் வருகின்றன, நாற்காலிகள் வருவதில்லை. நான் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜாடியும் குவளையும்தான் எனக்கு நினைவிருக்கின்றன. நீ வெளியே இருந்தாய். எல்லோரையும் பார்க்கும்படி இருந்தவன் நீ ஒருவன்தான்.

யோசித்துச் சொல். அவசரமில்லை என்று எழுத நினைத்தேன். அவசரம்தான்.

லிஸ் மாபெல் கை கூப்பி ஞானத்தந்தையிடம் ஆசி கேட்கிறாள்.

சுனில்தா


பிலார்
6 செப்டம்பர்

கோமாத்ரே என்றே தொடங்குகிறேன். குழந்தைக்காக.

நான் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். ஏன் ஒரு பெயர், என்ன சொல்லப்போகிறீர்கள். பதிலுக்கு நாற்காலி வந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "எல்லோரையும் பார்க்கும்படி இருந்தவன் நீ ஒருவன்தான்." சாட்சியிடம் பேசுகிற மாதிரியா, குற்றவாளியிடம் பேசுகிற மாதிரியா என்று தெரியவில்லை. "அவசரமில்லை என்று எழுத நினைத்தேன்." இப்படி எழுதுகிற ஆள் இல்லை நீங்கள். எனக்குத் தெரிந்த சுனில்தா ஒன்று எழுதுவாள், இல்லை எழுதமாட்டாள்.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். மாண்டியோகாக் கிழங்கு மாவுப் பசை. வாசனை வந்தது. நீங்கள் ஒட்டியதா, வழியில் யாராவதா, தெரியாது. நம் கடிதங்கள் பஸ்ஸில் வருகின்றன, எத்தனையோ கைகள் மாறுகின்றன.

ஞா பிளாசிதா நேற்று நடையில் நிறுத்தினார்.

"ஏம்ப்பா எலிஹியோ, அந்தப் பொண்ணு உன்னைப் பத்தித்தான் பேசப்போறாளா?"

"தெரியலீங்க."

"கேட்டியா?"

"கேட்டேன். யார் எங்க உக்காந்தாங்கன்னு திருப்பிக் கேக்கறா."

அவர் சிரித்தார். "எங்க உக்காந்தா என்னவாம்? நாக்கு நாற்காலியிலயா இருக்கு?"

நானும் சிரித்தேன். அறைக்குப் போன பிறகுதான் விளங்கியது. உட்கார்ந்த இடத்தைக் கேட்பது ஊரைக் கேட்பதற்காக. டவுன் பிள்ளைகள் எந்தப் பக்கம், சதுப்புநிலத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம். பிறகு என் மதிப்பெண்கள். பிறகு, பார்மசிக்காரர் மகனான நான், புத்தகத்தில் குவாரனி கற்றவன், வீட்டில் பேசுகிறவர்களைத் தாழ்த்தினேன் என்ற முடிவு. திரையில் ஒரு அட்டவணை. அதில் எனக்குப் பெயர்கூட வேண்டாம். "இரண்டாம் தேர்வாளர்" போதும். அறையில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியும்.

நாற்காலிகள் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

மாநாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இருவர் செய்த வேலை ஒருவர் பெயரில் வந்திருக்கிறது என்று மட்டும். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

எலிஹியோ


அசுன்சியோன்
12 செப்டம்பர்

திரு. ஓவெலார் அவர்களுக்கு,

நீங்கள் விரும்பியபடியே "நீங்கள்".

மாநாட்டை நடத்தும் பேராசிரியர் கயெத்தானோ தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சுனில்தா, உங்க ஊர்லேருந்து ஒருத்தர் கடுதாசி போட்டிருக்கார். என்ன அழகான கையெழுத்து. அதான் பயமா இருக்கு."

"என்ன சொல்றார்?"

"அவரும் சேர்ந்து செஞ்ச வேலையாம். சரி, அவர் பேரையும் போட்டுடுங்க. இல்லாட்டி ஆட்சேபம் இல்லைன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ரெண்டும் முடியாதுன்னா உங்க இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவேன். பின்னாடி வழக்கு, கிழக்குன்னு என்னால அலைய முடியாது."

"போடக் கூடாதுன்னுதான் போடலை."

"ஏன்?"

சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை, இப்போதைக்கு. என்னிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் குழுவுக்கு எழுதுகிறவரிடம் காரணம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இன்னொன்று. பிலாரிலிருந்து இங்கே வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வருவதில்லை. பஸ் நிலையத்தில் ருமில்தா வேலை பார்க்கும் ஜன்னலைச் சுற்றி நீங்கள் இரண்டு மூன்று முறை நடந்ததாகச் சொல்கிறார்கள். முறையீடு செய்தவளிடம் தேர்வாளருக்கு என்ன வேலை? அவளை என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? அன்றைக்கு உடம்பு சரியில்லை, அதனால் பேசவில்லை என்றா?

என்னைச் சந்தேகிக்கிறீர்கள். பரவாயில்லை. அது தொற்றிக்கொள்ளும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

யார் என் வலப்பக்கம் உட்கார்ந்தது? இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

சு. ரிக்கெல்மே

(குழந்தை நன்றாக இருக்கிறாள்.)


பிலார்
19 செப்டம்பர்

சுனில்தா,

நடந்தது உண்மை. மூன்றாவது முறை நடந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"டிக்கெட்டா, பார்சலா?"

"பேச வந்தேன்."

"அதுக்குத் தனி ஜன்னல் இல்ல சார்."

அவளை நான் கடைசியாகப் பார்த்தது தேர்வு அறையில். இப்போது கம்பிக்குப் பின்னால், பஸ் கம்பெனியின் நீலச் சட்டையில். ஆசிரியை ஆகியிருக்க வேண்டியவள். தக்குவாரஸ் போகும் கிழவர் ஒருவருக்கு என்னமோ விளக்கிக்கொண்டிருந்தாள். மழைக்குச் சாலையின் குறுக்கே சங்கிலி கட்டி மூடிவிட்டார்கள், மண் காய்ந்தால்தான் எடுப்பார்கள், எது வரை பஸ் போகும், அதற்கப்புறம் யாருடைய மாட்டுவண்டி கிடைக்கும் என்று. குவாரனியில். ஒரு வார்த்தைக்கும் தடுமாறவில்லை. கிழவர் சிரித்தபடி போனார். அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் போடு என்றால் என்ன போட்டிருப்பேன் என்று யோசித்தேன். யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"சுனில்தா உனக்கு எழுதினாளா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு எழுதணும்? உங்களுக்கு எழுதறதுதான் என் கை வழியா வருதே."

"அந்த உறை…"

"மழைத்தண்ணி ஒழுகி வாயைத் தொறந்துடுச்சு. மாண்டியோகா மாவு காய்ச்சி நான்தான் ஒட்டினேன். படிச்சியான்னுதானே அடுத்து கேப்பீங்க?"

நான் கேட்கவில்லை.

"சண்டையை ஸ்பானிய பாஷையில போடறீங்க சார். குவாரனியில போட்டிருந்தா இவ்வளவு இழுக்காது."

பின்னால் வரிசை நின்றது. இருந்தும் கேட்டேன், அன்றைக்கு ஏன் அவ்வளவு குறைவாகப் பேசினாய் என்று.

"நான் வாயைத் தொறக்கும்போதே நீங்க எழுத ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் எதுக்குப் பேசணும்?"

"தேதி எழுதினேன்."

"இருக்கும். என் பக்கத்துலேருந்து பாத்தா மார்க்கு மாதிரிதான் தெரிஞ்சுது."

அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தாள். நான் நகர்ந்ததும் கூப்பிட்டாள்.

"சார், அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிட்டீங்களா?"

"எந்தக் கேள்வி?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் படிக்கலையே."

இவ்வளவுதான் நடந்தது. உடம்பு சரியில்லை என்று சொல் என நான் சொல்லவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் இடத்தில் நானும் நம்பமாட்டேன்.

ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட முடியாது. ஆட்சேபம் இருக்கிறது.

எலிஹியோ


அசுன்சியோன்
28 செப்டம்பர்

எலிஹியோ,

ருமில்தாவை நீ எழுதியிருக்கும் விதம். உன் மதிப்பெண் தாளில் அவளுக்கு எதிரே "பங்கெடுக்கவில்லை" என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க அவள்தான் பேசுகிறாள்.

அவளைக் கேட்டால் எங்கே உட்கார்ந்தாள் என்று சொல்லிவிடுவாள். ஆனால் முறையீடு செய்தவளின் சொல்லை எந்தக் குழுவும் எடுத்துக்கொள்ளாது. மற்ற மாணவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். என் சொல்லும் உதவாது, எனக்கு நினைவில்லை. மிஞ்சியது நீ.

என் சந்தேகம் என்ன என்பதை உனக்குச் சொல்லமாட்டேன். மறைப்பதற்காக இல்லை. சொல்லிவிட்டால் உன் நினைவு அதற்கேற்ப வளைந்துகொள்ளும். அல்லது அதற்கு எதிராக. சொல்லிக்கொடுத்த சாட்சி கெட்டுப்போன சாட்சி, இதைத் தேர்வு வடிவமைப்பு வகுப்பில் நீதான் எனக்குச் சொன்னாய், கரும்பலகையில் கோடு போட்டு.

கயெத்தானோவிடம் பேசிவிட்டேன். நிகழ்ச்சி நிரலைத் திருத்தப்போவதில்லை, மேடையில் உன் பெயரைச் சொல்கிறேன் என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

நீ வா. கையெழுத்துப் போட வேண்டாம். பார்க்க வா. வியாழன் இரவு பஸ் பிடித்தால் காலையில் இங்கே இருப்பாய். ஒரு நாற்காலி எப்படியும் இருக்கும்.

சுனில்தா


பிலார்
7 அக்டோபர்

சுனில்தா,

வந்தேன். நீ பார்த்தாய். எல்லோரும் பார்த்தார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதிக்கொள்கிறேன். முதலில் எனக்காக.

பஸ் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. மண் காய்ந்ததா என்று போலீஸ்காரர் செருப்பால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் அவருக்கு அதே இலையில் சூடான மாட்டே ஊற்றிக் கொடுத்தார். இரண்டாவது குவளையில் சங்கிலி கீழே விழுந்தது. நான் அரங்கத்துக்கு வந்தபோது நீ ஏற்கெனவே மேடையில் இருந்தாய். பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று வந்தவன். முழங்கால் வரை சேறு.

வாசலில் நின்ற பெண் என் கையைப் பிடித்தாள். "வட்டத்துக்கு ஒரு ஆள் குறையுதாம். அதோ ஒரு நாற்காலி காலியா இருக்கு. போங்க, போங்க." நான் மாட்டேன் என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது.

ஐந்து நாற்காலிகள். நான்கில் ஆள். காலியாக இருந்தது உன் வலப்பக்கம்.

நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். ஜாடியில் ஐஸ் கட்டி மோதுகிற சத்தம். முதல் குவளையை ஊற்றி யாருக்கும் கொடுக்காமல் தரையில் வைத்தாய், புனித தோமையாருக்கு. எப்போதும் போலக் குவளையிலுள்ள இலையே அதைக் குடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அடுத்ததை என் கையில் கொடுத்தாய்.

"இங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டாய். குவாரனியில். வேறு எதுவும் கேட்கவில்லை.

சொல்வதற்கு ஒரு கதையே இருந்தது. சங்கிலி, செருப்பு, மாட்டே. நான் சொன்னது மூன்று வாக்கியம். "நான் பேருந்தில் வந்தேன். பயணம் நீண்டது. மழை பெய்திருந்தது." புத்தகத்தின் முதல் பாடம். முன்வரிசையில் நீ மதிப்பெண் போடக் கொடுத்திருந்த தாள்களில் பேனாக்கள் அசைந்தன. சிலர் தேதி எழுதியிருக்கலாம். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

எனக்கு அடுத்தவர் கொஞ்சம் நன்றாகப் பேசினார். அவருக்கு அடுத்தவர் இன்னும் நன்றாக. கடைசியில் வானொலியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பஸ்ஸில் தன் மடியில் உட்கார்ந்து வந்த கோழியைப் பற்றி. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டாவது சுற்றில் போலீஸ்காரரின் செருப்பைச் சொன்னேன். எனக்கே தெரியும், நன்றாக இருந்தது. கோழிக்காரி கைதட்டினாள். ஆனால் பேனாக்களைப் பார்த்தேன். ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. என் விஷயம் முடிந்துபோயிருந்தது.

தாள்களை வாங்கிப் படித்தாய். வலப்பக்க நாற்காலி, எல்லாவற்றிலும் கடைசி. ஒரு தாளில் "பங்கெடுப்பு குறைவு".

பிறகு நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை வைத்திருக்கிறேன்.

"நம்ம ஊர்ல மொதல் குவளையை யாரும் குடிக்கறதில்லை. தோமையாருக்குன்னு விட்டுடறோம். தூசியா, கசப்பா இருக்கும்னு தெரியும். மொதல் பேச்சுக்கு மட்டும் மார்க்கு போட்டுடறோம். எங்க கேசட்டுகள்ல மொதல்ல பேசின குரலுக்கெல்லாம் கம்மி மார்க்கு. போட்டது நாங்க. நானும் எலிஹியோ ஓவெலாரும்."

அடுத்து அரங்கத்தைப் பார்த்துக் கேட்டாய். "இவ்வளவு வாத்தியாருங்க இருக்கீங்க. என் பக்கத்துல இருந்த நாற்காலியை ஏன் எல்லாரும் விட்டீங்க?"

நான் எழுந்து வெளியே போனேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பினேன்.

வழியெல்லாம் ஒரே எண்ணம். "ஒரு நாற்காலி எப்படியும் இருக்கும்" என்று 28ஆம் தேதியே எழுதியிருந்தாய். அதை எனக்காக வைத்திருந்தாயா? வாசலில் நின்றவளுக்கு என் அடையாளம் சொல்லியிருந்தாயா? ஆம் என்றால் அதைச் சொல். அவமானத்தைத் தாங்கிக்கொள்கிறேன். எனக்குத் தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

எலிஹியோ


அசுன்சியோன்
10 அக்டோபர்

கொம்பாத்ரே,

சங்கிலி போட்ட போலீஸ்காரரையும் நானே ஏற்பாடு செய்தேன் என்று எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன்.

நான் வைக்கவில்லை. ஐந்து நாற்காலி போட்டேன், மேலே வாங்க என்றேன். நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். ஊற்றுகிறவள் வாத்தியாரம்மா என்றால் பக்கத்து நாற்காலி வேண்டாம். தெரெரேயில் அப்படிக் கிடையாது, வீட்டில் எவனும் எங்கேயும் உட்காருவான். தேர்வு என்றதும் எல்லோருக்கும் வருகிறது. கடைசியில் வருகிறவனுக்கு மிஞ்சுவது என் வலப்பக்கம். குவளை சுற்றத் தொடங்குவதும் அங்கேதான். யாராவது தாமதமாக வருவார்கள் என்று நம்பியிருந்தேன். அது நீ என்று கதவு திறந்தபோதுதான் தெரிந்தது. என் முகத்தில் இருந்தது அதுதான். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

பெயர். இரண்டு பெயர் போட்டால் யார் ஊற்றியது, யார் மதிப்பெண் போட்டது என்று கேட்பார்கள். ஒரு பெயர் என்றால் எல்லாம் நான்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்காக விட்டேன். என் பெயர் தனியாக அச்சில் இருந்தது பார்க்க நன்றாகவும் இருந்தது. முதலாவதை மட்டும் சொன்னால் நீ சந்தேகப்படுவாய். சரியாகத்தான் சந்தேகப்படுவாய்.

இப்போது நீ சொல்ல வேண்டியது.

கேசட்டில் முதலில் வரும் குரல்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். முதல் குரல் யாருக்குச் சொந்தமோ அவள்தான் என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகத்தை வைத்துக்கொண்டு ஞா பிளாசிதா மறுதேர்வு தரமாட்டார். மாநாட்டில் ஓர் அரங்கம் கைதட்டியது அவருக்குக் கணக்கில்லை. பார்த்த ஆள் எழுத வேண்டும். எழுதினால் உன் தேர்வாளர் நாற்காலி போகும். அதுவும் எனக்குத் தெரியும். எழுது என்று நான் சொல்லமாட்டேன். கேட்க மட்டும் செய்கிறேன்.

மூன்றாவது முறை. என் வலப்பக்கம் யார் உட்கார்ந்தது?

லிஸ் மாபெல் ஆசி கேட்கிறாள். அக்டோபர் முதல் தேதி வீட்டுக்கு வீடு வழக்கமாகச் சமைக்கிற பீன்ஸும் சோளமும் அவள் பாட்டுக்கு ஒரு கிண்ணம் உனக்காக எடுத்து வைத்தாள், ஞானத்தந்தை மாநாட்டுக்கு வருவார் என்று. கெட்டுப்போய்க் கொட்டினோம். அழுதாள்.

சுனில்தா


பிலார்
17 அக்டோபர்

கோமாத்ரே,

நாற்காலியை நீ வைக்கவில்லை என்பதை நம்புகிறேன். முழுக்க இல்லை. இந்த அளவு நம்பிக்கையோடு இருக்கப் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை எழுதி நேற்று ஞா பிளாசிதாவிடம் கொடுத்தேன். நின்றபடி படித்தார்.

"இது உனக்கே வேட்டு வைக்குதே. தெரிஞ்சுதான் எழுதினியா?"

"தெரிஞ்சுதான்."

"ஒரு வருஷம் ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலை. அப்புறம் கேட்டாங்க. அப்ப பயமா இருந்துச்சு."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாக்கு நாற்காலியிலதான் இருக்கு போல" என்றார். சிரிக்கவில்லை. மறுதேர்வு நவம்பரில். முதல் சுற்றுக்கு யாருக்கும் மதிப்பெண் கிடையாது, நீ மேடையில் சொன்ன காரணத்தால். சுவரோரம் வேறொருவர் உட்காருவார். என் பெயரைத் தேர்வாளர் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய மரம், பெயர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

இந்த உறையை ருமில்தாவின் ஜன்னலில் கொடுப்பேன். பசை சரியாக ஒட்டாமலே கொடுக்கப்போகிறேன். அவளும் படிக்கட்டும்.

குழந்தைக்கு என் ஆசி. அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்.

நீ கேட்டதற்குப் பதில். டவுன் பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுவார்கள். வந்து உன்னிடமிருந்து தள்ளி உட்காருவார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் சங்கிலி எடுத்த பிறகு வருவார்கள், சேற்றுக் காலோடு. கதவருகே நின்று பார்ப்பார்கள். ஓர் இடம்தான் இருக்கும். முதல் குழுவில் தக்குவாரஸ் பையன். இரண்டாவதில் லவுரேலஸிலிருந்து வந்த பெண், பெயர் மறந்துவிட்டது. எல்லாக் குழுக்களிலும் இப்படித்தான். கடைசிக் குழுவில் ருமில்தா. ஈரச் செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உன் வலப்பக்கம் உட்கார்ந்தாள். குவளையை இரண்டு கையாலும் வாங்கினாள். குடித்துவிட்டு, பேசுவதற்கு முன்னால், திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதியது தேதி இல்லை.

எலிஹியோ